ஹீட்டரை 26-இல் வைத்தும் மதியம் 33 காட்டுகிறது: மீன் தொட்டியின் சூட்டை நிலையாக வைப்பது எப்படி?

பாளை மாடிவீடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில், தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம் மட்டுமே உள்ள இரண்டாம் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். போன கார்த்திகையில் 3 அடி நீளமும் 1 அடி அகலமும் 1¼ அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினேன்; ஏறத்தாழ 100 லிட்டர் பிடிக்கிறது. அதில் 5 ஏஞ்சல் குஞ்சுகளையும் 12 நியான் டெட்ராக்களையும் விட்டேன். இவை வெப்பமண்டல மீன்கள், ஹீட்டர் இல்லாமல் வளர்க்கக் கூடாது என்று கடையில் சொன்னதால் 100 வாட் ஹீட்டர் ஒன்றும் வாங்கி, 26 டிகிரிக்குத் திருகி வைத்தேன். மார்கழியிலும் தையிலும் தண்ணீர் 26-ஐ விட்டு அசையவே இல்லை.

பங்குனி பிறந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. இப்போது அக்கினி நட்சத்திரம் வேறு. காலை 6 மணிக்கு 28.5 காட்டும் தெர்மாமீட்டர், மதியம் 3 மணிக்கு 33 காட்டுகிறது. தொட்டி முன்னறையின் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மாலை 5 மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பை அணைத்தபின் ஆறாமல் கிடக்கும் தோசைக்கல்லைத் தொட்டது போல இருக்கிறது. அந்த நேரத்தில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வாரத்தில் 5 நியான்கள் இறந்துவிட்டன.

ஃபிரீசரில் உறைய வைத்த 1 லிட்டர் பாட்டில்கள் இரண்டை மிதக்க விட்டுப் பார்த்தேன். 33-இல் இருந்த நீர் 31-க்கு இறங்கியது. மூன்று மணி நேரத்தில் பழையபடி ஏறிவிட்டது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கலாம் என்று விசாரித்தால், தொட்டி, ஸ்டாண்டு, மீன் எல்லாவற்றுக்கும் நான் செலவழித்த தொகையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். என் ஹீட்டர் கெட்டுவிட்டதா? மீன்களைக் கொல்வது அந்த 33 டிகிரியா, அல்லது நாள்தோறும் ஏறி இறங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

அம்பை கால்வாய்க்கரை:

தம்பி, உங்கள் ஹீட்டரில் பழுது எதுவும் இல்லை. ஹீட்டருக்குத் தண்ணீரைச் சூடாக்கத் தெரியும், ஆற்றத் தெரியாது. 26 என்று நீங்கள் திருகி வைத்ததற்கு, நீர் 26-க்குக் கீழே இறங்கினால் எரியத் தொடங்கு என்பதுதான் பொருள். 28.5-க்குக் கீழே இறங்காத வீட்டில் அது இந்தக் கோடையில் ஒரு நிமிடம்கூட எரிந்திருக்காது. பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டு, எடுத்துத் துடைத்து, மார்கழியில் தேடினால் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். என் வீட்டில் ஆண்டுதோறும் அதைத் தேடுவதே ஒரு திருவிழா.

வெப்பமண்டல மீன் என்ற பெயரைக் கேட்டதும் வெயிலை விரும்பும் மீன் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நியான் டெட்ரா அமேசான் படுகையின் மேற்குப் பகுதியில், அடர்ந்த காட்டு நிழலில் ஓடும் ஓடைகளைச் சேர்ந்தது. அதற்கு 20 முதல் 26 டிகிரி வரை இதம். ஏஞ்சல் 24 முதல் 30 வரை தாங்கும். ஆகவே உங்கள் தொட்டியில் ஏஞ்சல்கள் பிழைத்து நியான்கள் இறந்ததில் வியப்பில்லை. (ஏஞ்சல்கள் வளர்ந்த பிறகு மிச்சமுள்ள நியான்களை அவையே விழுங்கிவிடும் என்பது தனிக் கதை, கடையில் அதையும் சொல்லியிருக்க வேண்டும்.)

மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது மூச்சுத் திணறல். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. நல்ல தண்ணீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 7.5, 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் கீழே. குறைவது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அதே வேளையில் சூட்டினால் மீனின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் பிராணவாயுவைக் கேட்கிறது. 10 டிகிரி ஏறினால் அதன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான் உங்கள் தொட்டிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் தொல்லையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது 25 டிகிரியில் 100-க்கு 5.4 பங்கு; 30 டிகிரியில் அது 7.5 பங்காகிறது. எனவே இந்த ஒரு மாதத்துக்கு ஏர் பம்பை இரவும் பகலும் நிறுத்தாதீர்கள். தீனியைப் பாதியாகக் குறைத்து, வெயில் ஏறும் முன் காலையில் மட்டும் போடுங்கள்.

அடுத்து, தொட்டியை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். முக்கால் பங்கு நீரை வாளிகளில் இறக்கிவிட்டு, இரண்டு பேராகப் பிடித்தால் உள்சுவர்ப் பக்கம் கொண்டுபோய்விடலாம். மூடியில் உள்ள விளக்கைப் பகலில் எரிய விடாமல் மாலை 6 மணிக்கு மேல் போடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பவர் ஃபில்டர் இருந்தால், அதன் மோட்டார்ச் சூடு முழுவதும் தண்ணீரில்தான் இறங்கும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசியாக, மூடியைக் கழற்றி வலை போட்டு, ஒரு சிறு மேசை விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பை நோக்கித் திருப்பி வையுங்கள். 3 டிகிரியாவது இறங்கும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டுக் கோடையில், தண்ணீர் சூடாக இருக்கிறதே, மாற்றினால் குளிரும் என்று நினைத்து, மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்து ஹோஸ் வழியாகத் தொட்டியில் 25 லிட்டர் விட்டேன். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர் அது. விரலை வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்; வைக்கவில்லை. பிறகு வாளியில் பிடித்து அளந்தபோது 41 டிகிரி. 30-இல் இருந்த தொட்டி ஐந்து நிமிடத்தில் 33-ஐ நெருங்கிவிட்டது. மெதுவாக ஏறும் 33-ஐத் தாங்கிய மீன்களால் அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்க முடியவில்லை. கோடையில் தண்ணீர் மாற்றுவதென்றால் விடியற்காலையில் மாற்றுங்கள், அதையும் முதல்நாள் இரவே வீட்டுக்குள் வாளியில் பிடித்து வைத்த நீரால்.

கொக்கிரகுளம் டீச்சர்:

அம்பை அண்ணாச்சி சொன்ன விசிறி ஏன் வேலை செய்கிறது, பனிக்கட்டிப் பாட்டில் ஏன் ஏமாற்றுகிறது என்பதைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் கேள்வி கேட்டவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

100 லிட்டர் நீரை 1 டிகிரி குறைக்க 100 கிலோகலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 1 கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோகலோரியை வாங்கிக்கொள்கிறது; உருகிய நீர் 0-விலிருந்து 30 வரை ஏற மேலும் 30. ஆக 110. அதாவது ஒரு பாட்டிலுக்கு 1 டிகிரி. இரண்டு பாட்டிலில் 2 டிகிரி இறங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 1 லிட்டர் நீர் ஆவியாகிப் போகும்போது அது தன்னோடு ஏறத்தாழ 580 கிலோகலோரியை எடுத்துச் செல்கிறது. ஐந்து பாட்டில் பனிக்கட்டி செய்யும் வேலையை, விசிறி ஒரு லிட்டர் நீரைக் காற்றில் அனுப்பியே முடித்துவிடுகிறது, அதுவும் மெதுவாக, மீனுக்குத் தெரியாமல். உங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியானால், அது 56 வாட் ஹீட்டர் ஒன்றை எதிர்த்திசையில் இரவும் பகலும் ஓட்டுவதற்குச் சமம். காருகுறிச்சி மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். பானைக்கு உடம்பெல்லாம் துளை, கண்ணாடிக்கு மேல்புறம் மட்டுமே திறப்பு, அவ்வளவுதான் வேறுபாடு.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஆவியாதலால் நீர் எவ்வளவு குளிரலாம் என்பது காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. அந்த எல்லையை நீங்களே அளக்கலாம். குமிழ் வைத்த சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரின் அடியில், நனைத்த பழைய வேட்டித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, விசிறிக்கு முன்னால் பிடியுங்கள். சில நிமிடத்தில் அளவு இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். எந்த விசிறியாலும் உங்கள் தொட்டியை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்று இருக்கும் காய்ந்த மதியத்தில் அந்த அளவு 26-ஐ ஒட்டி நிற்கும். கண்ணாடி வழியாக வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் தொட்டி அந்த 26-ஐத் தொடாது. 28, 29-இல் நிற்கும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் அரை அங்குல தெர்மாகோல் ஒட்டினால் இன்னும் சற்று இறங்கும்.

விசிறி வைக்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது நீர் நிரப்புவதை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் மில்லிகிராம் அளவு) 900 உள்ள போர் தண்ணீரால் நாளுக்கு 2 லிட்டர் ஈடுசெய்தால், 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 18 வீதம் கூடி, ஒரே மாதத்தில் 540 ஏறிவிடும். சூட்டைக் குறைத்து உப்பை ஏற்றினால் நியானுக்கு அதுவும் ஒரு தண்டனைதான். தாமிரபரணித் தண்ணீர் நமக்குக் கிடைத்த பேறு. என் வீட்டுக் குழாயில் 150-க்கு மேல் காட்டியதில்லை. அதை ஒரு நாள் அகலமான பாத்திரத்தில் வைத்துக் குளோரின் போன பிறகு நிரப்புங்கள். போர் தண்ணீர்தான் வழியென்றால், குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள்.

தென்காசிக் காற்று:

மேலே உள்ளவர்கள் கோடையைப் பற்றி எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றுப் புகுந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், மே மாதம் முழுவதும் 30-இல் கிடந்த தொட்டி ஒரே இரவில் 25-க்கு விழும். குளிர்ச்சி வந்ததே என்று நாம் சன்னலைத் திறந்து வைத்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, தொட்டியில் மீனின் செதிலெல்லாம் உப்புத் தூளைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. குளிர் அதை உண்டாக்குவதில்லை. புதிதாக வாங்கிய மீனோடோ செடியோடோ முன்பே வந்திருக்கும். திடீரென்று வெப்பம் விழுந்து மீன் தளரும் வேளைக்காகக் காத்திருக்கும். ஆகவே நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில்: 33 டிகிரி நியானைக் கொல்லும், உண்மை, ஆனால் 29-இல் நிலையாக இருக்கும் தொட்டி, ஒரு நாள் 26, மறுநாள் 31 என்று ஆடும் தொட்டியைவிட நல்லது. ஒரு நாளில் 2 டிகிரிக்குள் ஆடினால் நான் கவலைப்படுவதில்லை.

ஹீட்டரை அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். திரும்ப எடுக்கும்போது நினைவில் கொள்ள ஒன்றிரண்டு செய்திகள் உண்டு. 60 லிட்டர் தொட்டியில் 4 டிஸ்கஸ் வைத்திருந்தேன். டிஸ்கஸுக்கு 28-லிருந்து 30 வரை வேண்டும் என்பதால், கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 200 வாட் ஹீட்டரைப் போட்டிருந்தேன். தை மாத இரவு ஒன்றில் சூடு போதுமானதும் அதை அணைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமலேயே எரிந்திருக்கிறது. காலையில் தொட்டியைத் தொட்டபோது, குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் போல இருந்தது, 37 டிகிரி. நான்கும் அடியில் சாய்ந்து கிடந்தன. அன்றைக்குப் புரிந்தது: நம் ஊர்க் குளிருக்கு நீரை நான்கைந்து டிகிரி உயர்த்தினால் போதும், அதற்கு லிட்டருக்கு 1 வாட் என்பதே தாராளம். சிறிய ஹீட்டர் கெட்டு எரிந்தாலும் தொட்டியைக் கொதிக்க வைக்கும் வலு அதற்கு இருக்காது.

இப்போது தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போட்டிருக்கிறேன். எஸ்.டி.சி. 1000 என்ற பெயரில் எங்கும் கிடைப்பது. அதில் சூடாக்க ஒன்று, குளிர்விக்க ஒன்று என இரண்டு இணைப்புகள் இருப்பதால், ஒன்றில் ஹீட்டரையும் மற்றதில் விசிறியையும் மாட்டலாம். ஹீட்டரின் சொந்தத் திருகை 29-இலும் கன்ட்ரோலரை 28-இலும் வைத்திருக்கிறேன். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது அணைக்கும். பின்பக்கம் 230 வோல்ட் திறந்த முனைகளாக இருக்கும் என்பதால், எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு பெட்டிக்குள் அடைத்து மாட்டுங்கள். சென்சார் வயர் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை தொட்டியைக் கழுவிய பிறகும் பாருங்கள். என் மருமகன் தொட்டியைச் சுத்தம் செய்த நாளில் சென்சாரை வெளியே தொங்க விட்டுவிட, அது அறையின் குளிரை அளந்துகொண்டு ஹீட்டரை எரியவிட்டது. நல்ல வேளையாக நான் வீட்டில் இருந்தேன்.

பாளை மாடிவீடு:

அம்பை அண்ணாச்சி, டீச்சர், தென்காசி அண்ணாச்சி மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை இறக்கி உள்கூடத்துக்கு மாற்றிவிட்டேன். வேட்டித் துணிச் சோதனையையும் செய்தேன்; மதியம் 2 மணிக்கு 26.5-இல் நின்றது. விசிறியைத் தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில் சாய்த்து வைத்து, நான்கு நாளாக இரவும் பகலும் ஓட்டுகிறேன். மதியம் 29-ஐத் தாண்டவில்லை. மீன்கள் மேலே வருவதும் நின்றுவிட்டது. ஆனால் விடியற்காலையில் பார்த்தால் 25.5. முன்பு 4.5 டிகிரி ஆடிய தொட்டி இப்போதும் 3.5 டிகிரி ஆடுகிறது. கீழே இறங்கியதே தவிர, ஆட்டம் பெரிதாகக் குறையவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

கொக்கிரகுளம் டீச்சர்:

தவறு எதுவும் இல்லை. கணக்கிலேயே அது இருக்கிறது. இரவில் வெளிக்காற்றும் அறையும் தாமாகவே ஆறுகின்றன. விசிறியும் நிற்காமல் ஓடினால் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. விசிறி பகலின் உச்சியை மட்டும் வெட்டினால் போதும். காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை ஓடுமாறு டைமர் வையுங்கள். அல்லது தென்காசிக்காரர் சொன்ன கன்ட்ரோலரில் 28 என்று வைத்து, அரை டிகிரி ஏறினால் ஓடி, 28-க்கு வந்ததும் நிற்கும்படி செய்யுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. மேகம் மூடிய நாளில் டைமருக்கு அது தெரியாது.

திருச்செந்தூர் உப்புக்காற்று:

எல்லோரும் விசிறி விசிறி என்கிறீர்கள். கடற்கரையில் இருக்கிற எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் சொன்ன ஈரத்துணிச் சோதனையை இன்று மதியம் செய்து பார்த்தேன். காற்று 34 டிகிரியில் இருக்கும்போது துணி 29-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. சட்டையே காயாத ஊரில் தொட்டித் தண்ணீர் எப்படி ஆவியாகும்? மூன்று கோடை விசிறி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 31-க்குக் கீழே வந்ததே இல்லை.

அதனால் நான் தொட்டியை மாற்றுவதை விட்டுவிட்டு மீனை மாற்றினேன். ஃபைட்டரும் குராமியும் மேலே வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சுவிடக் கூடியவை என்பதால், தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் சமாளிக்கின்றன. மோலிக்கு எங்கள் உப்புச் சாய்வான போர் தண்ணீரே பிடித்திருக்கிறது, கப்பிக்கும் அப்படியே. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வேப்பமர நிழலில், பாதி உயரம் மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய 500 லிட்டர் சிமெண்டுத் தொட்டிகள். நீர் அதிகமாக இருந்தால் சூடேறவும் நேரமாகிறது, ஆறவும் நேரமாகிறது. சுற்றியுள்ள மண்ணும் பிடித்து வைக்கிறது. இந்த மே மாதத்தில் காலை 29, மாலை 30.5. ஒரு ரூபாய் மின்சாரம் செலவில்லை. சிறிய தொட்டியில் நிலையான வெப்பத்தைத் தேடுவது, சின்ன வள்ளத்தை அலையில் ஆடாமல் நிறுத்தப் பார்ப்பது போன்றது.

விசிறியை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பக்கத்தில் கரண்ட் போவதே உச்சி வெயிலில்தான். மேசை விசிறிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன விசிறிகள் இரண்டைத் தொட்டியின் விளிம்பில் மாட்டுங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை வாட் அளவே எடுக்கும். 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருந்தால் இரண்டையும் அரை நாளுக்கு மேல் ஓட்டலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் ஒன்று வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, எங்கும் வெள்ளமாகி, நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, வீட்டுக்குள் இருந்த அந்த ஒரு கண்ணாடித் தொட்டிக்கு நானும் என் மகளும் மாறி மாறிச் சொம்பால் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அன்றைக்குத் தண்ணீர் 26-இல் இதமாகத்தான் இருந்தது, மூச்சுத்தான் பிரச்சினை. வெளியே இருந்த சிமெண்டுத் தொட்டி மீன்கள் எந்தக் குளத்தில் போய்ச் சேர்ந்தனவோ தெரியாது.

அம்பை கால்வாய்க்கரை:

திருச்செந்தூர்த் தம்பி சொல்வது சரி. விசிறி பாளைக்கும் அம்பைக்கும் சங்கரன்கோவிலுக்கும் மருந்து, கடற்கரைக்கு அல்ல. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒரே தம்ளரில் போட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் பட்டை வகை சுவரின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். என்னிடம் இருக்கும் மூன்றும் ஒரே நீரில் 1.5 டிகிரி வரை வேறுபடுகின்றன. எதை நம்புவது என்று முடிவு செய்துகொண்டு அதையே எப்போதும் பாருங்கள்.

பாளை மாடிவீடு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கன்ட்ரோலரை எலெக்ட்ரீஷியன் ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தார். இப்போது குளிர்விக்கும் பக்கம் மட்டும் இணைத்து 28-இல் வைத்திருக்கிறேன். நேற்றைய அளவுகள்: காலை 6 மணிக்கு 27.4, பகல் 12 மணிக்கு 28.3, மாலை 4 மணிக்கு 28.6, இரவு 10 மணிக்கு 28.1. வெளியில் நேற்று 39 டிகிரி. விசிறி காலை 11 மணி வாக்கில் ஓடத் தொடங்கி, இரவு 9 மணிக்கு மேல் விட்டு விட்டு நிற்கிறது. அது டிக்கென்று நிற்கும் ஓசையைக் கேட்டால் அம்மா, "உன் மீனுக்குக் குளிர் எடுத்துவிட்டதாம்" என்கிறார்.

கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததில், நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குறைகிறது. குழாய்த் தண்ணீரைப் பித்தளை அண்டாவில் பிடித்து வைத்து நிரப்பி வந்தேன். செம்பு கலந்த பாத்திரத்தில் வைத்த நீர் மீனுக்கு ஆகாது என்று இங்கேயே ஒரு பழைய இழையில் படித்ததும் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிவிட்டேன். டி.டி.எஸ். 210-இல் நிற்கிறது.

ஏஞ்சல்கள் ஐந்தும் நன்றாக உண்கின்றன. மிஞ்சிய ஏழு நியான்களும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் 28 அவற்றுக்குக் கூடுதல் என்பது எனக்கே தெரிகிறது. ஏஞ்சல் ஒன்று வேறு அவற்றைப் பார்க்கும் பார்வை சரியில்லை. தென்காசி அண்ணாச்சி, உங்கள் ஊரில் சாரல் தொடங்கி உங்கள் தொட்டி 26-க்குக் கீழே நிலையாக நின்றதும் சொல்லுங்கள். விடியற்காலைப் பேருந்தில் நியான்களைப் பையில் போட்டு எடுத்து வருகிறேன்.

தென்காசிக் காற்று:

டிஸ்கஸ் போன பிறகு அந்த 60 லிட்டர் தொட்டி சும்மாதான் இருக்கிறது. ஜூன் இரண்டாம் வாரம் கழித்து வாருங்கள். வருவதற்கு முதல்நாள் உங்கள் தொட்டியின் அளவைச் சொன்னால், வரும்போது இரண்டு நீருக்கும் 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாதபடி ஹீட்டரால் என்னுடையதை ஏற்றி வைத்து, பிறகு நாளுக்கு அரை டிகிரியாக இறக்கிக்கொள்கிறேன். பையை மட்டும் சன்னலோர இருக்கையில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.